போட்டோகாபிக்காக 40 நாள்: ராஜஸ்தானில் கணக்குக் கேட்டவர்களும் அவர்களுக்குச் சோறு போட்டவர்களும்

1996 ஏப்ரல் 6-ம் தேதி ராஜஸ்தானில் பியாவர் என்கிற சின்ன நகரத்தில், சாங் கேட் பக்கத்தில் பந்தல் போட்டு சில நூறு பேர் தர்ணாவில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்கிறவர்கள், சிறு விவசாயிகள், அதில் நிறையப் பெண்கள். பஞ்சாயத்து செலவுக் கணக்கின் போட்டோகாபி வேண்டும் என்பது கோரிக்கை. 40 நாள் எழுந்திருக்கவில்லை. கூலியைக் கூட்டு, ரேஷனைக் கூட்டு என்று கேட்காமல் காகிதத்தின் நகலைக் கேட்டுக் கூலிக்காரர்கள் ஏன் வெயிலில் உட்கார வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்களே முதலில் குழம்பினார்களாம்.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் ஒரு நண்பர் கேட்ட கேள்வி. அரசாங்கத்தைக் கணக்குக் கேட்கிற அமைப்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். "சரி, இவங்களுக்கெல்லாம் யார் காசு கொடுக்கிறாங்க?" என்றார். சந்தேகத்தோடு கேட்டார், ஆனால் நல்ல கேள்வி. ஒரு கண்காணிப்பு அமைப்பின் பலம், பலவீனம், ஆயுள் எல்லாமே அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அதற்குப் பதில் தேடப் போனால், பியாவர் தர்ணாவை நடத்திய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதனை (உழைப்பாளர், விவசாயிகளின் சக்தி அமைப்பு), சுருக்கமாக எம்.கே.எஸ்.எஸ்-ஐ, விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான அருணா ராய் சென்னையில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். 1968-ல் ஐ.ஏ.எஸ். ஆனவர், 1970-களின் நடுவில் அதை விட்டுவிட்டு ராஜஸ்தானில் திலோனியா கிராமத்தில் சில ஆண்டுகள் வேலை செய்தார். 1987-ல் அவர், நிகில் டே, சங்கர் சிங் குடும்பம் எல்லோருமாக ராஜ்சமந்த் பக்கம் தேவ்டுங்ரி என்ற கிராமத்தில் ஒரு மண் வீட்டில் குடியேறினார்கள். சுற்றியிருந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்களோ அதே மாதிரி வாழ்வது என்று முடிவு. 1990 மே 1-ம் தேதி பீம் என்ற ஊரில் சங்கம் முறையாகத் தொடங்கியது.

ஆரம்பத்தில் தகவல் உரிமை என்ற பேச்சே இல்லை. பிரச்சினை கூலி. அந்தப் பகுதி வறண்ட பூமி, பஞ்ச நிவாரண வேலைதான் பல குடும்பங்களுக்குக் கஞ்சி. அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி ஒன்று, கையில் வருவது அதைவிடக் குறைவு. கேட்டால், 'நீங்கள் வெட்டிய மண் அளவுக்கு இவ்வளவுதான் வரும், அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது' என்பார்கள். நூறு நாள் வேலைக்குப் போன எந்தத் தமிழ்நாட்டுப் பெண்ணுக்கும் இந்த வசனம் தெரியும். 'அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள்' என்றால், அது அரசு ஆவணம், காட்ட முடியாது. இங்கேதான் விஷயம் திரும்பியது. கூலி திருட்டுப் போவது அந்தப் புத்தகத்துக்குள், புத்தகமோ பூட்டிய பீரோவுக்குள். ஆக, பீரோவைத் திறக்காமல் கூலி வராது என்பதை அந்த மக்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

1994 டிசம்பர் 2-ம் தேதி பாலி மாவட்டம் கோட் கிரானாவில் முதல் ஜன் சுன்வாய் நடந்தது. மக்கள் முன் நடக்கிற விசாரணை என்று சொல்லலாம். கணக்கைப் பார்க்க ஒரு இளம் அதிகாரி அனுமதித்தார். சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, அவராகவே கொடுத்தார். மஸ்டர் ரோல் (யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்கிற பெயர்ப் பட்டியல்), பில், வவுச்சர் எல்லாவற்றையும் கையால் எழுதி எடுத்து, வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்து, அப்புறம் ஊர் கூடிய இடத்தில் வாசித்தார்கள். இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு கூலி வாங்கினார், இன்ன கட்டடம் முடிந்தது. அந்த இன்னார் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், தான் அந்த வேலைக்குப் போகவே இல்லை என்று எழுந்து சொல்கிறார். செத்துப்போனவர்கள் பெயரில் கூலி போயிருக்கிறது. முடியாத கட்டடம் முடிந்ததாகக் கணக்கு இருக்கிறது, கட்டடம் எல்லோர் கண் முன்னாலும் அரைகுறையாக நிற்கிறது.

இந்த முறையில் உள்ள சூட்சுமத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தணிக்கை அதிகாரி என்ன பார்ப்பார்? பில் இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, கூட்டல் சரியா. அந்த மூன்றும் திருட்டுக் கணக்கில்தான் ரொம்பச் சுத்தமாக இருக்கும். மண்ணை அடித்தார்களா, சிமென்ட் வந்ததா, ராமுலு உயிரோடு இருக்கிறாரா என்பது ஊர்க்காரருக்குத்தான் தெரியும். காகிதம் அதிகாரியிடம், உண்மை ஊரிடம், இரண்டும் ஒரே பந்தலில் சந்திக்காத வரைக்கும் பயமில்லை. ஜன் சுன்வாய் செய்தது அந்தச் சந்திப்பை நடத்தியதுதான்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன், ஆனால் புரிந்தது எங்கள் ஊரில். நாலு வருடம் முன்னால் நாங்கள் நாலு பேர் சேர்ந்து, ஒரு குளம் தூர் வாரிய வேலையின் மஸ்டர் ரோலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். வெள்ளைத்தாளில் மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பதிவுத் தபால். 30 நாளில் வரவில்லை, மேல்முறையீடு போட்ட பிறகு வந்தது. பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி வாங்கினோம். அதை வீட்டில் வைத்து எத்தனை முறை பார்த்தும் எங்களுக்கு ஒரு தப்பும் தெரியவில்லை, வரிசையாகப் பெயர், வரிசையாகக் கைநாட்டு, அவ்வளவுதான். ஒரு சாயங்காலம் கோயில் வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்த பெண்களிடம் சத்தமாக வாசித்தோம். ஏழாவது பெயரில் ஒரு பாட்டி கையைக் காட்டி நிறுத்தினார். "ஏங்கண்ணு, அவன் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போயி மூணு வருசமாச்சே, எப்ப வந்து மண்ணு வெட்டினான்?" என்றார். அப்புறம் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பேச்சு. அரை மணி நேரத்தில் பட்டியலில் பதினோரு பெயருக்குப் பக்கத்தில் நான் பென்சிலால் சுழித்திருந்தேன். அந்தப் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது.

ராஜஸ்தானில் கோட் கிரானாவுக்குப் பிறகு பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா என்று சில மாதங்களுக்குள் அடுத்தடுத்து ஜன் சுன்வாய் நடந்தது. எதிர்ப்பும் உடனே வந்தது. ஊராட்சி அளவிலான அரசு ஊழியர்கள், வெளியாட்களுக்குக் கணக்கைக் காட்ட மாட்டோம், அரசுத் தணிக்கைக்கு மட்டும்தான் காட்டுவோம் என்று போராடவே கிளம்பினார்கள். முதல் ஊரில் ஒரு நல்ல அதிகாரி கிடைத்தார், அடுத்த ஊரில் அப்படி யாரும் இல்லை. இந்த வேலை நல்ல அதிகாரியை நம்பி நடக்காது, சட்டம் வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. 1995 ஏப்ரல் 5-ம் தேதி முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டசபையில், ஊராட்சி வளர்ச்சிப் பணி ஆவணங்களின் நகலை மக்கள் பெறலாம் என்று அறிவித்தார். ஒரு வருடம் போனது, ஒரு உத்தரவும் வரவில்லை. அதனால்தான் அடுத்த ஏப்ரலில் பியாவர்.

தர்ணா தொடங்கிய அன்றே அரசு ஒரு உத்தரவு போட்டது. கட்டணம் கட்டி ஆவணத்தைப் பார்க்கலாம், கையால் குறிப்பு எடுக்கலாம், ஆனால் போட்டோகாபி கிடையாது. பாதி கிடைத்ததே போதும் என்று எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. கையால் எழுதிய குறிப்பை வைத்துப் போலீசில் புகார் கொடுத்தால், 'இது நீயே எழுதினது' என்று சொல்லிவிடுவார்கள். சான்றளித்த நகல் என்றால் அது சாட்சி. எழுதப் படிக்கத் தெரியாத பலர் இருந்த ஒரு கூட்டம் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு 40 நாள் நின்றது. கணக்குக் கேட்கிற வேலையில் எனக்குத் தெரிந்து இதைவிடக் கூர்மையான ஒரு முடிவு இல்லை.

ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப் என்பது அவர்கள் கோஷம். எங்கள் காசு, எங்களுக்குக் கணக்கு. அந்தச் சமயத்தில் டெல்லியில் பத்திரிகையாளர்கள் முன்னால் பேசிய ஒரு பெண், நாலாம் வகுப்பு வரை படித்தவர், சொன்னது இன்றைக்கும் எல்லோரும் எடுத்துச் சொல்கிற ஒன்று: பையனிடம் 10 ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரில் அரசாங்கம் கோடிக்கணக்கில் செலவு செய்கிறது, நான் கணக்குக் கேட்க வேண்டாமா?

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். 40 நாள் நூற்றுக்கணக்கானவர்கள் சாப்பிட வேண்டும். சுற்று வட்டாரக் கிராமங்களில் இருந்து வீடு வீடாகத் தானியம் வந்தது. தர்ணாவில் முறை வைத்து உட்கார்ந்தார்கள், ஒரு ஊர்க்காரர் நாலு நாள் இருந்துவிட்டு அறுவடைக்குப் போனால் அடுத்த ஊர்க்காரர் வந்தார். பியாவர் சந்தையின் காய்கறி வியாபாரிகள் காய் கொடுத்தார்கள், நகரத்துத் தொழிற்சங்கங்கள் கூட நின்றன. தொடக்கத்தில் குழம்பிய ஊர்தான் பின்னால் அந்தப் பந்தலைத் தாங்கியது.

இது தற்செயல் இல்லை. எம்.கே.எஸ்.எஸ். நிறுவன நிதியோ வெளிநாட்டு நிதியோ வாங்குவதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. தனிமனிதர்கள் கொடுப்பதுதான் வருமானம். முழுநேர ஊழியர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி அளவில்தான் படி. வரவு செலவைப் பொதுவில் வைக்கிறார்கள். ஊரான் கணக்கைக் கேட்கிறவன் தன் கணக்கை முதலில் விரித்து வைக்க வேண்டும் அல்லவா. பஞ்சாயத்துத் தலைவர் எழுந்து 'உனக்கு எங்கிருந்து காசு வருகிறது' என்று கேட்டால், பதில் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும், போன மாதம் அஞ்சு கிலோ கோதுமை கொடுத்தவராக.

பியாவர் முடிந்தும் காகிதம் வரவில்லை. 1997 மே கடைசியில் ஜெய்ப்பூரில் தலைமைச் செயலகம் பக்கத்தில் இன்னொரு தர்ணா, இந்தத் தடவை 53 நாள். கடைசியில் துணை முதலமைச்சர் அறிவித்தது என்னவென்றால், நகல் பெறும் விதி அரசிதழில் ஆறு மாதத்துக்கு முன்பே வெளியாகிவிட்டது என்பது. தெருவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தகவல் பெறும் உரிமை கிடைத்த தகவலே மறைக்கப்பட்டிருந்தது, இதை முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபத்தில் தூக்கம் வரவில்லை.

அதே 1997-ல் நாட்டிலேயே முதல் மாநிலமாகத் தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. நமக்குப் பெருமைதான், ஆனால் விதிவிலக்குகளின் பட்டியல் மிக நீளம், அதனால் பெரிதாக யாருக்கும் பயன்படவில்லை. அங்கே மக்கள் கேட்டுக் கேட்டுச் சட்டத்தை இழுத்து வந்தார்கள், இங்கே கேட்கிற கூட்டம் திரளும் முன்பே சட்டம் வந்துவிட்டது. வித்தியாசம் சட்டத்தின் வாசகத்திலேயே தெரியும்.

ஜன் சுன்வாயால் பணம் திரும்ப வந்ததா என்று கேட்பார்கள். வந்தது, கொஞ்சம். 1998 ஜனவரியில் குகர்கேடா என்ற ஊரில் விசாரணைக்குப் பிறகு ஊராட்சித் தலைவரே 1 லட்சம் ரூபாயைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார். பெரிய வழக்கு ஜனாவத். கும்பல்கர் பக்கத்து ஊராட்சி அது. விதி வந்த பிறகும் ஆவணத்தை வாங்கவே ஏறத்தாழ ஒரு வருடம் ஆனது. 2001 ஏப்ரல் 3-ம் தேதி ஜன் சுன்வாய் நடந்தபோது, சரிபார்த்த சுமார் 65 லட்சம் ரூபாய்ச் செலவில் ஏறத்தாழ 45 லட்சம் மோசடி என்று தெரிந்தது. கட்டாத கட்டடம், போடாத தடுப்பணை, காகிதத்தில் மட்டும் ஓடிய தண்ணீர். அரசு விசாரணைக் குழு போட்டது, ஊராட்சித் தலைவர் கைதானார். 100 ரூபாயில் 70 ரூபாய் காணோம் என்பது ஒரு கோணம். எனக்கு இன்னொன்று முக்கியமாகப் படுகிறது. ஒரு வருடம். அந்த ஒரு வருடம் யாரோ ஒருவர் பஸ் ஏறி ஆபீசுக்குப் போய், நாளைக்கு வா என்பதைக் கேட்டுத் திரும்பி, மறுபடி போயிருக்கிறார். அவருடைய பஸ் காசு, அன்றைய கூலி, வீட்டு அடுப்பு, இதற்கெல்லாம் யாரோ கொடுத்திருக்கிறார்கள். கண்காணிப்பு வேலைக்கு ஆதரவு என்றால் நடைமுறையில் இதுதான்.

அப்புறம் நடந்தது பலருக்கும் தெரியும். 1996-ல் தகவல் உரிமைக்கான தேசியப் பிரச்சாரக் குழு உருவானது. 2002-ல் மத்திய அரசு ஒரு சட்டம் இயற்றி, நடைமுறைக்கே கொண்டுவராமல் விட்டது. 2005-ல் இப்போதுள்ள சட்டம், அக்டோபர் 12-ம் தேதி அமல். அதே ஆண்டு வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-வது பிரிவில் சமூகத் தணிக்கை நுழைந்தது. கோட் கிரானா பந்தலில் நடந்தது பதினோரு வருடத்தில் நாட்டின் சட்டப் பிரிவாகிவிட்டது.

ஆனால் அதோடு வேலை முடியவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 2019 திருத்தம், மேல்முறையீடுகளை விசாரிக்கிற தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசின் கைக்குக் கொண்டுபோனது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றியது. முன்பு தனிநபர் தகவலாக இருந்தாலும் பொது நலன் இருந்தால் தரலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்தது, அது போய்விட்டது. பொது நலனுக்கான 8(2) இன்னும் இருக்கிறது என்று அரசு சொல்கிறது. இருக்கிறது, ஆனால் அதை எடுத்துச் சொல்லி வாதாடும் சுமை கேட்கிறவர் தலையில் வரும். யோசித்துப் பாருங்கள், மஸ்டர் ரோல் என்பதே பெயர்கள்தான். பெயரை அடித்துவிட்டுக் கொடுத்தால் வேப்பமரத்தடியில் எதை வாசிப்பது?

தகவல் ஆணையங்களின் நிலை இன்னும் மோசம். இதை நமக்குச் சொல்வதும் ஒரு மக்கள் அமைப்புதான், டெல்லியின் சதர்க் நாகரிக் சங்கதன். வருடா வருடம் ஒவ்வொரு ஆணையத்துக்கும் தகவல் மனு போட்டே புள்ளிவிவரம் திரட்டுகிறார்கள். 2024 ஜூன் இறுதியில் நாடு முழுக்க 4 லட்சத்துக்கும் மேல் மேல்முறையீடுகளும் புகார்களும் தேங்கிக் கிடந்தன என்பது அவர்கள் கணக்கு. ஜார்க்கண்ட் ஆணையம் 2020 மே மாதத்தில் இருந்து வருடக்கணக்கில் ஆளே இல்லாமல் கிடந்தது. அந்த அமைப்பு ஒரு வருடம் அந்த மனுக்களைப் போடாவிட்டால் இந்த எண் நமக்குத் தெரியாமலே போகும்.

இப்படிப்பட்ட வேலைக்குக் காசு வருவதுதான் இப்போது மிகக் கடினம். வெளிநாட்டு நிதி வாங்கிய அமைப்புகளுக்கு, அந்த நிதிக்கான சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்தில் இருந்து 20 ஆகக் குறைந்தது. பள்ளிக்கூடம் கட்டுகிற அமைப்புக்கு செங்கல்லில் செலவு போகும். ஆவணம் படிக்கிற அமைப்புக்கு ஆள்தான் செலவு, சம்பளமும் பயணமும் நிர்வாகக் கணக்கில் விழுந்தால் அங்கே என்ன மிஞ்சும்? கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கான அட்டவணையில் கல்வி, சுகாதாரம், குடிநீர் என்று நிறைய இருக்கிறது, அரசைக் கணக்குக் கேட்பது என்று ஒரு வரி இல்லை. இருந்தாலும் எந்தக் கம்பெனி கொடுக்கும், டெண்டரும் லைசென்சும் வாங்குகிற இடத்தில்? ஆகவே சுற்றி வந்தால் மிஞ்சுவது பியாவர் வழிதான், கொஞ்சம் கொஞ்சமாக நிறையப் பேர்.

எம்.கே.எஸ்.எஸ். மாதிரியே எல்லோரும் குறைந்தபட்சக் கூலியில் வேலை செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. அந்தக் கூலியில் நகரத்தில் வாடகை கட்டி, பிள்ளையைப் படிக்கவைத்து, மிரட்டல் வந்தால் வக்கீல் வைத்து ஒருவர் பத்து வருடம் தாக்குப்பிடிக்க முடியாது. தகவல் கேட்டதற்காக அடி வாங்கியவர்கள், உயிரையே விட்டவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். நல்ல சம்பளம் கொடுக்கிற அமைப்பைச் சந்தேகமாகப் பார்ப்பதை நிறுத்துங்கள், வரவு செலவு பொதுவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் கொடுங்கள். ஒரு பெரிய தொகையை ஒரு தடவை கொடுப்பதைவிட மாதம் 200 ரூபாயைத் தவறாமல் கொடுப்பது உபயோகம், ஏனென்றால் அடுத்த வருடமும் அந்த ஆள் பஸ் ஏறுவார் என்று அவர்கள் திட்டம் போடலாம். வருமான வரிச் சலுகைக்கான ரசீது கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் அதற்காக நிறுத்தாதீர்கள்.

காசு இல்லாதவர்கள் நேரம் கொடுக்கலாம். கையெழுத்துப் பிரதியை எக்செலில் ஏற்றுவது, அதிகாரத் தமிழில் வந்த பதிலைப் பாட்டிக்குப் புரிகிற மாதிரி படித்துச் சொல்வது, ஆபீசுக்குப் போகிறவர் தனியாகப் போகாமல் கூட ஒருவர் போவது. கடைசியாகச் சொன்னதுதான் பெரிய உதவி என்று எனக்குத் தோன்றுகிறது. தனியாகப் போனால் 'நாளைக்கு வா', மூன்று பேராகப் போனால் நாற்காலி போடுவார்கள்.

எங்கள் குளத்துக் கணக்கில் அந்தப் பதினோரு பெயருக்கான புகார் இன்னும் முடியவில்லை. வேலை முடிந்ததற்கான அளவுப் புத்தக நகல் தர மறுத்தார்கள், இரண்டாம் மேல்முறையீடு சென்னையில் ஆணையத்தில் இருக்கிறது. நாலு பேராக இருந்தவர்கள் இப்போது ஒன்பது பேர், ஆளுக்கு மாதம் 200 ரூபாய் போடுகிறோம், செலவு நோட்டு டீக்கடையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டலாம். மே 1 கிராம சபைக்கு அடுத்த மஸ்டர் ரோலை எடுத்துக்கொண்டு போகிறோம். பாட்டி முன் வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்.